கார் டயர்ல எழுதியிருக்கிறத படிக்கிறது எப்படி, நம்ம கடக்கரைப் பக்கம் டயர பத்திரமா வச்சுக்கிறது எப்படி: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் கீழக்கரை, ஏர்வாடி, ராமநாதபுரம் பக்கம் பதினாலு வருஷமா ஆக்டிங் டிரைவரா ஓடுறேன். வீட்டு ஆளு துபாய்ல, சவூதில இருப்பாரு, வண்டி ஷெட்ல நிக்கும், மதுரை ஏர்போர்ட்டுக்குப் போக வர, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்குன்னு என்னைக் கூப்பிடுவாங்க. சாவிய வாங்கினதும் நான் முதல்ல குனிஞ்சு பாக்கிறது டயரத்தான். அப்படி என்னத்த பாக்குறீங்கன்னு கேட்டவங்களுக்கு சொன்ன பதிலெல்லாம்தான் இது.

டயர்ல 185/65 ஆர் 15 88 எச்-ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?

185-ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65-ங்கிறது பக்கவாட்டு உயரம், ஆனா மில்லிமீட்டர் இல்ல, அகலத்துல 65 சதவீதம்னு அர்த்தம், அதாவது 185-ல 65 சதவீதம், 120 மில்லிமீட்டர் சொச்சம். ஆர்-னா ரேடியல், உள்ள இருக்கிற நூல் அடுக்கு குறுக்கா நேரா ஓடுற மாதிரி கட்டின டயரு, இப்ப கார்ல வர்றது எல்லாமே அதுதான். நெறைய பேரு ஆர் 15-னா ரேடியஸ் 15-ன்னு நெனச்சுக்கிறாங்க, அது இல்ல, 15-ங்கிறது ரிம்மோட குறுக்களவு, இஞ்சுல.

அடுத்து வர்ற 88 எச்-அ யாரும் பாக்கவே மாட்டாங்க, ஆனா உயிரு அதுலதான் இருக்கு. 88-ங்கிறது எடை நம்பரு, ஒரு டயரு 560 கிலோ தாங்கும்னு அர்த்தம். 82-ன்னா 475 கிலோ, 84-ன்னா 500, 91-ன்னா 615. எச்-ங்கிறது வேகம், 210 கிலோமீட்டர் வரைக்கும். எஸ்-னா 180, டி-னா 190, வி-னா 240. நம்ம ரோட்டுல யாருண்ணே 210-ல போறாங்கன்னு கேப்பீங்க. அந்த வேகத்துல வர்ற சூட்ட அந்த டயரு தாங்கும்னுதான் அதுக்கு அர்த்தம், சூடு தாங்குறது நமக்கு வேணும்ல. அதனால புது டயரு வாங்கும்போது கம்பெனி போட்டுக் குடுத்த எடை நம்பருக்கும் வேக எழுத்துக்கும் கீழ எறங்காதீங்க, கடைக்காரர் எரநூறு ரூபா கொறச்சுத் தர்றேன்னு சொன்னாலும் சரி.

டயரு எப்ப செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பக்கவாட்டுல டிஓடி-ன்னு ஆரம்பிச்சு எழுத்தும் நம்பருமா ஒரு வரிசை ஓடும், அது கடைசியில முட்டை வடிவத்துல ஒரு சின்னக் கட்டம், அதுக்குள்ள நாலு எண்ணு இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது, அதாவது ஜூன் மாசம். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். மூணு எண்ணுதான் இருக்குன்னா அது 2000-த்துக்கு முந்துன டயரு, அந்த வண்டியில ஏறவே ஏறாதீங்க.

ஒரு விஷயம், இந்த தேதி பல டயர்ல ஒரு பக்கம்தான் இருக்கும். வெளிப்பக்கம் தேடிப் பாத்து இல்லைன்னா, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு டார்ச் அடிச்சு உள்பக்கம் பாருங்க.

நானே இதுல ஏமாந்திருக்கேன். சொந்த வண்டிக்கு ரெண்டு டயரு புதுசுன்னு ஒரு கடையில வாங்கினேன், பளபளன்னு இருந்துச்சு, ஸ்டிக்கர் கூட உரியல. வீட்டுக்கு வந்து பாத்தா செஞ்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. திரும்பக் கொண்டு போனா மாட்டினத எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அதுலருந்து டயர ரிம்முல ஏத்துறதுக்கு முன்னாடியே தேதியப் பாத்துருவேன், ஆறு மாசத்துக்குள்ள செஞ்சதா கேப்பேன், ஒரு வருஷம் தாண்டினா வேற எடுங்கன்னு சொல்லிருவேன். பில்லுல அந்த நாலு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்க.

பட்டன் நல்லாத்தானே இருக்கு, வண்டியும் ஓடவே இல்ல, எதுக்குத் தம்பி டயர மாத்தணும்?

நம்ம ஊருல இந்தக் கேள்வியத்தான் அதிகம் கேக்குறாங்க, கொஞ்சம் பொறுமையா சொல்றேன். பட்டன்னா டயரு மேல ரோட்டப் பிடிக்கிற ரப்பர் கட்டை, அதுக்கு நடுவுலதான் பள்ளம் ஓடும்.

சென்னையில, மதுரையில ஓடுற வண்டிக்கு டயரு தேஞ்சு போகும். நம்ம பக்கம் தேயிறதுக்கு முன்னாடி வயசாகிப் போகுது. ரப்பர்ங்கிறது வெயிலும் காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் பட்டுப்பட்டு இறுகிக்கிட்டே போகும், ஓடினாலும் ஓடாட்டியும். ஓடாம நின்னா இன்னும் மோசம், ஏன்னா டயரு உருண்டு அமுங்கி விரியும்போதுதான் உள்ள கலந்திருக்கிற மெழுகு மாதிரி சரக்கு மேல வந்து ரப்பரக் காக்கும், நிக்கிற டயர்ல அது நடக்காது.

கீழக்கரையில ஒரு காக்கா வீட்டு வண்டி, காக்கான்னா அங்க அண்ணன்னு அர்த்தம். 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு, பட்டன் அப்படியே இருந்துச்சு, வண்டி வாங்கினப்ப வந்த டயரு, ஏழு வருஷம் முடிஞ்சிருச்சு. நான் சொன்னேன், காக்கா, பள்ளத்துக்குள்ள மயிரு மாதிரி கீறல் ஓடுது, மாத்திட்டு மதுரை போவோம்னு. லீவு முடிஞ்சு கெளம்புற அவசரம், வந்து பாத்துக்கலாம்னுட்டாரு. பரமக்குடி தாண்டி நாலு வழிச்சாலையில நல்ல வெயில், ஏசி போட்டு அஞ்சு பேரு, பெட்டி வேற. பின்னாடி டயர்ல டக்கு டக்குன்னு ஒரு சத்தம், நான் வேகத்தக் கொறச்சு ஓரம் கட்டுறதுக்குள்ள மேல்பட்டை ஒரு முழ நீளத்துக்குப் பிரிஞ்சு மட்கார்ட அடிச்சு ஒடச்சிருச்சு. யாருக்கும் எதுவும் ஆகல. ஆனா அந்த வண்டியில பின்னாடி சீட்டுல ஒரு கைக்குழந்தை இருந்துச்சு, அத நெனச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்கும்.

அப்ப எத்தனை வருஷத்துல மாத்தணும்?

டயர் கம்பெனிகள் சொல்றது, அஞ்சு வருஷம் ஆனதும் வருஷா வருஷம் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டு, பத்து வருஷம் ஆனா பாக்க எப்படி இருந்தாலும் தூக்கிப் போடுன்னு. ஆறு வருஷத்துலயே மாத்தச் சொல்ற கார் கம்பெனிகளும் உண்டு. நம்ம வெயிலுக்கு நான் ஆறுன்னுதான் சொல்வேன். மேல எழுதின தேதியில இருந்து கணக்கு, வாங்கின தேதியில இருந்து இல்ல.

காத்து எவ்வளவு அடிக்கணும்? டயர்லயே 51-ன்னு போட்டிருக்கே?

அத மட்டும் அடிச்சுராதீங்க. டயர்ல மேக்ஸ் பிரஷர்னு போட்டிருக்கிறது அந்த டயரு தாங்கக்கூடிய உச்சம், உங்க வண்டிக்குத் தேவையான அளவு இல்ல. உங்க வண்டிக்கானது டிரைவர் பக்கக் கதவத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர்ல இருக்கும், சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். சின்னக் கார்கள்ல பெரும்பாலும் 30-ல இருந்து 35 பிஎஸ்ஐக்குள்ள இருக்கும், பிஎஸ்ஐங்கிறது காத்து அழுத்தத்த அளக்கிற கணக்கு. ஆளும் பெட்டியும் முழுசா ஏத்தினா பின்னாடி எவ்வளவு கூட்டணும்னும் அதே ஸ்டிக்கர்ல தனியா போட்டிருப்பாங்க, ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு குடும்பத்தோட ராமேஸ்வரம் வர்றவங்க அத ஒரு தடவை பாத்துட்டுக் கெளம்புங்க. பார்னு போட்டிருந்தா ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ, 2.3 பார்னா 33.

காத்து கம்மியா இருக்கிறதுதான் டயரு வெடிக்க முதல் காரணம். வெயில்ல காத்து கூடி வெடிக்குதுன்னு ஊரே நம்புது, அதனால கோடையில நாலு பாயிண்ட் கொறச்சு வைக்கிறாங்க, அது நேர் தலைகீழ். காத்து கம்மியானா பக்கவாட்டு ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதலா மடங்கி விரியும், ஒரு கம்பிய மடக்கி மடக்கி விட்டா சுடும்ல அதே மாதிரி உள்ளுக்குள்ள சூடேறும், தார் ரோட்டுச் சூடு வேற சேரும், அப்புறம் கட்டு விடும்.

ஓடி வந்ததும் பாத்தா 37 காட்டுது, கொஞ்சம் எறக்கிறவா?

எறக்கக் கூடாது. அஞ்சாறு டிகிரி சூடு கூடினா ஒரு பிஎஸ்ஐ கூடும், ஓடின டயர்ல நாலு அஞ்சு கூடுறது இயல்பு, கம்பெனிக்காரன் அதையும் சேத்துத்தான் கணக்குப் போட்டிருக்கான். சூட்டுல எறக்கி 33 ஆக்கினா காலையில பாக்கும்போது 29-ல கெடக்கும். பச்சைத் தண்ணியா இருக்கும்போது, அதாவது காலையில வண்டி எடுத்து ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள பாக்கணும். பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. காத்து அளக்கிற கையடக்க கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, பங்க்ல இருக்கிற மெஷினு எல்லாம் ஒரே மாதிரி காட்டாது.

நைட்ரஜன் அடிக்கலாமா?

அடிக்கலாம், தப்பில்ல, ஆனா அவசியமும் இல்ல. சும்மா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடிச்சுட்டோம்னு ரெண்டு மாசம் பாக்காம விடுறதுதான் ஆபத்து. வழியில நைட்ரஜன் கெடைக்கலைன்னா சாதாக் காத்தையே கலந்து அடிங்க, ஒண்ணும் ஆகாது.

மொட்டை டயருன்னு எப்ப சொல்றது?

பக்கவாட்டுல டிடபிள்யூஐ-ன்னோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அதுக்கு நேரா மேல பள்ளத்துக்குள்ள பாத்தா குறுக்கா ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். அது உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துருச்சுன்னா சட்டப்படியே அந்த டயரு முடிஞ்சது. நான் அதுவரைக்கும் விடமாட்டேன், ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னாடி 3 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா மாத்தச் சொல்லிருவேன். தேஞ்ச டயரு வெயில் நேரத்துல காஞ்ச ரோட்ட நல்லாவே பிடிக்கும், அதான் ஏமாத்துறது. ரோட்டுல தண்ணி நின்னா அத பள்ளம் வழியா வெளிய தள்ளணும், பள்ளம் இல்லைன்னா டயரு தண்ணி மேல மிதந்துரும், பிரேக்கும் இல்ல ஸ்டியரிங்கும் இல்ல. உச்சிப்புளி பக்கம் மழைநேரத்துல நம்ம ரோடு எப்படி நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

சீமைக்கருவேல முள்ளு ஏறினா என்ன செய்யறது?

நம்ம ஜில்லாவுல ஆணியில ஆகுற பஞ்சர விட முள்ளுல ஆகுறது அதிகம். வெறகு ஏத்துன வண்டி போன ரோட்டுல, கரிமூட்டம் போடுற காட்டுப் பாதையில, கண்மாய்க் கரையில பாத்து ஓட்டுங்க. முள்ளு ஏறினதும் காத்து போகாது, அதான் கஷ்டம், உள்ளயே ஒடிஞ்சு நின்னு ஒரு நாளைக்கு ரெண்டு பிஎஸ்ஐன்னு கசியும். ஒரு டயரு மட்டும் மறுபடி மறுபடி கொறைஞ்சா சோப்புத் தண்ணிய ஊத்திப் பாருங்க, நொரை வர்ற எடத்துல முள்ளு இருக்கும். வழியில நின்னு புடுங்காதீங்க, புடுங்கினா காத்து மொத்தமும் போயிரும், மெதுவா பஞ்சர் கடைக்குப் போங்க.

டியூப்லெஸ்ல, அதாவது உள்ள டியூப் இல்லாத டயர்ல, வெளிய இருந்து ரப்பர் ஸ்ட்ரிப் சொருகுறது அவசரத்துக்குச் சரி. நெடுந்தூரம் ஓடுற வண்டின்னா டயரக் கழட்டி உள்பக்கம் பேட்ச் ஒட்டச் சொல்லுங்க, கழட்டினாத்தான் உள்ள எத்தனை முள்ளு நிக்குதுன்னும் தெரியும். பட்டன் இருக்கிற நடுப்பட்டையில, 6 மில்லிமீட்டருக்குள்ள ஓட்டைன்னா ஒட்டலாம். பக்கவாட்டுல ஓட்டைன்னா யாரு என்ன சொன்னாலும் ஒட்டக்கூடாது, மாத்தணும். பக்கவாட்டுல முட்டை மாதிரி புடைச்சிருந்தாலும் அதே கதைதான், உள்ள நூலு அறுந்திருக்கு, அடுத்த பள்ளத்துல வெடிக்கும்.

உப்புக்காத்துல டயரு கெட்டுப் போகுமா?

ரப்பர உப்பு பெருசா ஒண்ணும் செய்யாது. கெடுறது இரும்புதான். ரிம்மோட விளிம்புல துரு ஏறிச்சுன்னா டயரு அங்க சரியா ஒக்காராது, ஓட்டையே இல்லாம காத்து எறங்கும், பஞ்சர் கடைக்காரரு பாத்துப் பாத்துத் தேடுவாரு. புது டயரு ஏத்தும்போது ரிம்மு விளிம்பத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, வால்வையும் புதுசா போடச் சொல்லுங்க, விலை ரொம்பக் கம்மி. வால்வு மூடி பிளாஸ்டிக்லயே இருக்கட்டும், அழகுக்குப் போடுற உலோக மூடி நம்ம மண்டபத்துக் காத்துல ஆறு மாசத்துல ஒட்டிக்கும், திருகினா வால்வே முறிஞ்சு வரும். வீல் நட்டு துருப்பிடிச்சு நடுராத்திரியில கழட்ட முடியாம நின்னவங்க எத்தனையோ பேரு.

இன்னொண்ணு, டயர்ல ஆழமா வெட்டு விழுந்திருந்தா அதுவழியா உப்புத்தண்ணி உள்ள இருக்கிற எஃகுக் கம்பி வரைக்கும் போகும். கம்பி துருவேறினா வெளிய தெரியாது. உப்பளப் பாதை, வாலிநோக்கம், கடலோர வழின்னு ஓடினா நல்லதண்ணி ஊத்திச் சக்கரத்தக் கழுவிருங்க. டயரு கருப்பா இருக்கணும்னு பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் தடவுறாங்களே, தயவுசெஞ்சு அத விட்டுருங்க, எண்ணெய் ரப்பர ஊற வச்சுக் கெடுக்கும்.

தனுஷ்கோடியில மணல்ல எறக்கலாமா, காத்தக் கொறச்சா போகுமாமே?

அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு 2017-ல இருந்து இருக்கு, அதுலயே போய்ட்டு வாங்க. மணல்ல காத்த 18, 20-க்குக் கொறச்சா டயரு அகலமாப் படுத்து மெதக்கும்ங்கிறது உண்மைதான், ஆனா அது நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்குப் பழகின ஆளு செய்யற வேலை. சாதாக் கார எறக்கினா புதையும், புதைஞ்சு நிக்கும்போது தண்ணி ஏறிச்சுன்னா அவ்வளவுதான். அப்படியும் கொறச்சு ஓட்டினவங்க திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிக்காம ஓட்டுறாங்க பாருங்க, அது ரொம்பத் தப்பு. 20 பிஎஸ்ஐல பாம்பன் பாலத்துல பக்கக்காத்துல 80-ல போறத நெனச்சுப் பாருங்க. ரோட்டு மேல காத்து அள்ளிப் போட்ட மணல் மேடும் இருக்கும், அங்க திடீர்னு பிரேக் அடிக்காதீங்க.

நான் ரெண்டு வருஷம் வெளிநாடு போறேன், டயர என்ன பண்றது?

வாரம் ஒரு தடவை யாராவது பத்து கிலோமீட்டர் ஓட்டினா அதுதான் நல்லது. முடியலைன்னா காத்த நாலஞ்சு பிஎஸ்ஐ கூட்டி வச்சுட்டு மாசம் ஒரு தடவையாவது அரைச் சுத்து நகத்தி வைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா அடிபாகம் தட்டையாகி, ஓட்டும்போது ஸ்டியரிங் நடுங்கும். வெயில் படாம, ஈர மணல்ல நிக்காம, சிமெண்ட் தரையில நிறுத்துங்க. ஊருக்கு வந்த அன்னைக்கே சாவியப் போட்டுக் கெளம்பாதீங்க, முதல்ல தேதி, அப்புறம் கீறல், அப்புறம் காத்து, மூணையும் பாத்துட்டு எடுங்க.

அழகுக்கு அகலமான டயரு போடலாமா?

போடலாம், ஆனா சக்கரத்தோட மொத்த உயரம் மாறக்கூடாது. 185/65 ஆர் 15-க்கு மொத்த உயரம் 621 மில்லிமீட்டர் சொச்சம், 195/55 ஆர் 16 போட்டாலும் கிட்டத்தட்ட அதே 621-தான் வரும். 195/65 ஆர் 15 போட்டா 634 ஆயிரும், ஸ்பீடாமீட்டர் கம்மியாக் காட்டும், மட்கார்டுல உரசுனாலும் உரசும். எடை நம்பர மறக்காதீங்க.

ரெண்டு டயரு மட்டும் வாங்க காசு இருக்கு, முன்னாடி போடவா பின்னாடி போடவா?

பின்னாடி. பல கடையில முன்னாடிதான் போடுவாங்க, இழுக்கிற சக்கரம்னு சொல்லுவாங்க. மழையில முன் சக்கரம் வழுக்கினா ஸ்டியரிங் லேசாகி உங்களுக்குத் தெரியும், கால எடுத்துட்டா அடங்கிரும். பின் சக்கரம் வழுக்கினா வண்டி சுத்திரும், நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்ன பின்ன மாத்திக்கிட்டே வந்தா நாலும் ஒண்ணாத் தேயும்.

ஒரு பக்கமா தேயுதே?

உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும்னா அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கிற கோணம் சரியில்ல. நடுவுல மட்டும்னா காத்து கூட. ரெண்டு ஓரமும்னா காத்து கம்மி. அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரோ பேலன்சிங்கோ சரியில்ல.

வேற என்ன குறியெல்லாம் பாக்கணும்?

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633-ங்கிற எண்ணும், கார் டயருக்கான இந்தியத் தரம் அது. ரொட்டேஷன்னு அம்புக்குறி இருந்தா வண்டி முன்னால போகும்போது அது சுத்துற திசையில இருக்கணும். அவுட்சைடுன்னு எழுதியிருந்தா அந்தப் பக்கம் வெளிய தெரியணும், மாத்திப் போட்டுக் குடுத்திருக்கிறத நானே ரெண்டு மூணு வண்டியில பாத்திருக்கேன். மஞ்சப் புள்ளி டயரோட லேசான எடம், அத வால்வுக்கு நேரா வச்சு ஏத்துவாங்க.

பழைய டயரு பாதி விலைக்குத் தர்றாங்க, வாங்கலாமா?

வேண்டாம். தேஞ்ச டயர்ல பள்ளத்த மறுபடி வெட்டி புதுசு மாதிரி விக்கிறாங்க, வெட்டினதும் கம்பிக்கு மேல ரப்பரே இருக்காது. காசு இல்லைன்னா பேரு கேட்ட கம்பெனியிலயே விலை கம்மியான மாடல் புதுசா வாங்குங்க, அது எவ்வளவோ மேல்.

ஓடும்போது வெடிச்சா?

பிரேக்க மிதிக்காதீங்க. மனசு மிதிக்கத்தான் சொல்லும், மிதிச்சா வெடிச்ச பக்கம் வண்டி இழுத்துக் கவுத்திரும். ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க நேரா இறுக்கிப் பிடிங்க, ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க, வேகம் தானா நல்லா கொறஞ்ச பிறகு லேசா பிரேக் தொட்டு ஓரம் கட்டுங்க. எல்லாரையும் ரோட்ட விட்டு ஓரமா தள்ளி நிக்க வச்சுட்டு அப்புறம் ஜாக்கிய எடுங்க. பாம்பன் பாலத்து மேலன்னா அங்கயே நின்னு மாத்தாதீங்க, இடமே கெடையாது, ரிம்மு போனாப் போகுதுன்னு நடை வேகத்துல உருட்டிப் பாலத்த விட்டு எறங்கிருங்க.

ஸ்டெப்னிக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. அதுலயும் அந்த நாலு எண்ணு இருக்கு, அதுக்கும் வயசாகும், டிக்கியில கெடந்தாலும். காத்த ஸ்டிக்கர்ல போட்டதுக்கு ரெண்டு மூணு கூடவே வச்சுருங்க, தேவைப்படும்போது கொறச்சுக்கலாம். சின்ன சைஸ் ஸ்டெப்னின்னா மேல 80-ன்னு போட்டிருக்கும், அந்த வேகத்துக்கு மேல போகக்கூடாது, பஞ்சர் ஒட்டினதும் கழட்டிரணும். 2020-ல வந்த விதிப்படி டயர் காத்த அளக்கிற சென்சாரும் பஞ்சர் ஒட்டுற கிட்டும் இருந்தா புது வண்டிக்கு ஸ்டெப்னி குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, அதனால வண்டி வாங்கும்போது டிக்கியத் தூக்கிப் பாத்துருங்க. இல்லாத வண்டின்னா சாயல்குடி, தொண்டி பக்கம் ராத்திரி கெளம்புறதுக்கு முன்னாடி கிட்டு, கையடக்க காத்து மெஷின், டார்ச் மூணும் இருக்கான்னு நான் கேட்டுட்டுத்தான் சாவிய வாங்குவேன்.